காத்திருக்கத் தெரியாத விதை

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் உரைகல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா இருக்கும். வசம்பு, சுக்கு, கடுக்காய், ஜாதிக்காய். அவற்றோடு, மேலெல்லாம் சின்னச் சின்ன முண்டுகளோடு, கோலிக்குண்டு அளவில், கையில் எடுத்தால் கனக்கிற மாசிக்காய். பெயரில் காய் இருந்தாலும் அது காய் அல்ல. துருக்கி, ஈரான் பக்கத்து மலைச்சரிவுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் தளிரில் ஒரு சிறு குளவி முட்டையிடுகிறது. உள்ளே வளரும் புழுவைச் சுற்றி மரம் ஒரு கட்டியை எழுப்புகிறது. அந்தக் கட்டிதான் கப்பலேறி வந்து, நாட்டு மருந்துக் கடை வழியாக நம் வீட்டு டப்பாவுக்குள் உட்கார்ந்தது. நாக்கில் வைத்ததும் இழுக்கும் அந்தத் துவர்ப்பு ஓக் மரத்தின் துவர்ப்பு.

இப்படிக் குழந்தையிலேயே அறிமுகமான மரம் என்றாலும், ஓக் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது வேறொன்று. நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைக்கு நடுவே நெட்டையாக நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். ஓக்கோடு உறவே கிடையாது. அதன் விதை இறகு ஒட்டிய மெல்லிய தகடு. உண்மையான ஓக் தென்னிந்தியாவில் இயற்கையாக வளர்வதில்லை. இமயமலைக்குப் போனால் பார்க்கலாம்: உத்தராகண்டில் அதை பாஞ்ச் என்கிறார்கள், மாட்டுக்குத் தழையும் அடுப்புக்கு விறகும் அதிலிருந்துதான். மணிப்பூரில் ஓக் இலையில் தசர் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இது கர்வாலி மரம். கோவேறு கழுதைமேல் வந்த அப்சலோமின் தலை சிக்கிக்கொண்ட மரம்.

நான் ஓக்கை நேரில் பார்த்தது இங்கிலாந்தின் தெற்கே குடியேறிய பிறகு. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், தெரு முடிகிற இடத்தில் ஒரு பெரிய மரம். அக்டோபரில் அதன் அடியில் நடந்தால் காலுக்குக் கீழே நறநறவென்று உடையும். ஆங்கிலத்தில் ஏகார்ன் என்பார்கள், நான் ஓக் கொட்டை என்றே சொல்கிறேன். பெரிய பேரீச்சங்கொட்டையைக் காட்டிலும் கொஞ்சம் பருமன், வழவழப்பான பழுப்புத் தோல், தலையில் தொப்பி கவிழ்த்ததுபோல் ஒரு சொரசொரப்பான கிண்ணம். நீண்ட காம்பில் இரண்டு மூன்றாகத் தொங்கினால் அது இங்கிலீஷ் ஓக். காம்பில்லாமல் கிளையோடு ஒட்டி இருந்தால் அதன் உடன்பிறப்பான இன்னொரு இனம்.

முதல் வருடம் மகளும் நானும் நாற்பது கொட்டை பொறுக்கி வந்தோம். நான் செய்தது, எங்கள் ஊரில் பாட்டி செய்ததைத்தான். பூசணி விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைப்பாள், விதைநெல்லை வெயிலில் பரப்பிப் பல்லில் கடித்துப் பதம் பார்ப்பாள். விதை என்றால் காய வேண்டும் என்பது எனக்குள் ஊறிய பாடம். கொட்டைகளை ஒரு தட்டில் பரப்பி, வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு மேலே வைத்தேன். பளபளவென்று காய்ந்து, குலுக்கினால் கலகலத்தன. மார்ச்சில் மண்ணில் போட்டேன். ஜூன் வரை தண்ணீர் ஊற்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் உள்ளே கறுத்துச் சுருங்கிக் கிடந்தன. நாற்பதையும் கொன்றது அந்த ரேடியேட்டர்ச் சூடு.

பாட்டியின் பாடம் தப்பல்ல. நெல்லுக்கும் பூசணிக்கும் அது முழு உண்மை. நெல்மணி முற்றும்போதே செடி அதிலிருந்து தண்ணீரை இறக்கத் தொடங்கிவிடுகிறது. கூடவே அதன் உயிரணுக்களில் சில சர்க்கரைகளும் சில தனிவகைப் புரதங்களும் சேர்கின்றன. தண்ணீர் போகப் போக இவை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருப்பதையெல்லாம் கண்ணாடிபோல் உறையச் செய்கின்றன. சவ்வு கிழியாது, புரதம் உருக்குலையாது, மூச்சு அநேகமாக நின்றுவிடும். விதைநெல்லின் ஈரம் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டு விதைத்தர விதி சொல்வது இதனால்தான். அந்த நிலையில் விதை தூங்குகிறது. தண்ணீர் பட்டால் எழுந்திருக்கும். இஸ்ரேலில் மசாடா கோட்டை இடிபாடுகளில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 வருடப் பழமையான பேரீச்ச விதை ஒன்று 2005-ல் முளைத்தது.

ஓக் கொட்டைக்கு இந்தத் தூக்கம் தெரியாது. மரத்திலிருந்து விழும்போது அதன் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். உள்ளே உயிரணுக்கள் மூச்சு விட்டுக்கொண்டு, முளைக்கும் வேலையை அப்போதே தொடங்கிவிட்ட நிலையில் இருக்கின்றன. காய்ந்து ஈரம் கால்பங்குக்கு இறங்கினால் பெரும்பாலானவை செத்துப்போகும். சவ்வுகள் கிழிந்துவிடும், பிறகு எத்தனை குடம் ஊற்றினாலும் பயனில்லை. 1973-ல் பிரிட்டிஷ் விதையியலாளர் ஈ. எச். ராபர்ட்ஸ் விதைகளை இரண்டாகப் பிரித்துப் பெயர் வைத்தார். காயவைத்துச் சேமிக்கக்கூடியவை ஒருபுறம், எந்த விதிக்கும் கட்டுப்படாமல் முரண்டு பிடிப்பவை மறுபுறம். ஓக் இரண்டாவது கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் நமக்குத் தெரிந்த முகங்கள் நிறைய. பலாக்கொட்டை, மாங்கொட்டை, ரப்பர், தேயிலை, கோகோ எல்லாம் அங்கேதான். பிச்சாவரத்துச் சதுப்பில் நிற்கும் வெண்கண்டலின் விதை இவர்களில் இன்னும் அவசரக்காரன். பண்ருட்டிப் பக்கம் பலாப்பழம் அறுத்த கையோடு கொட்டையை ஊன்றுகிறவர்கள் ராபர்ட்ஸைப் படித்தவர்கள் அல்ல. வைத்திருந்தால் முளைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாட்டி பூசணி விதையைக் காயவைத்தாள், பலாக்கொட்டையை ஒருநாளும் நடுவதற்காகக் காயவைக்கவில்லை. அந்த இரண்டாவது பாடத்தை நான் கவனிக்கவே இல்லை.

இந்தப் பிரிவு வீட்டுத் தோட்டத்தோடு நிற்கிற சங்கதி அல்ல. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2008-ல் திறந்த விதைப் பெட்டகத்தில் உலகப் பயிர்களின் விதைகள் மைனஸ் 18 டிகிரியில் கிடக்கின்றன. இங்கிலாந்தின் வேக்ஹர்ஸ்டில் கியூ தாவரவியல் பூங்கா நடத்தும் மில்லேனியம் விதை வங்கியிலும் அதே முறைதான்: காயவை, உறையவை. ஓக் கொட்டையை அப்படி வைக்க முடியாது. காயவைத்தால் சாகும், ஈரத்தோடு உறையவைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் பனிக்கத்தியாகி உயிரணுவைக் கிழிக்கும். கொட்டைக்குள்ளிருந்து அரிசியைவிடச் சிறிய கருவை மட்டும் வெட்டியெடுத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்கும் வழி இருக்கிறது. கடினமான, செலவு பிடிக்கும் வேலை. ஓக் மரத்தைக் காப்பாற்ற இன்றைக்கும் நம்பகமான வழி, அதை நட்டு வளர்ப்பதுதான்.

இரண்டாம் வருடம் ஒரு கொட்டையைக் கத்தியால் நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்தேன். மொச்சையைப் பிளந்ததுபோல் இரண்டு தடித்த பாதிகள், வெளிர் மஞ்சளாக, இறுக்கமாக. இவைதான் வித்திலைகள், மரத்தின் முதல் வருடச் சாப்பாடு முழுக்க இதற்குள். கரு எங்கே என்று தேடினால் கூரான முனைக்குள் ஒரு சின்னப் புள்ளியாக ஒட்டிக்கொண்டிருந்தது. கிண்ணத்தில் பொருந்தியிருந்த மழுங்கிய பக்கம் மேலே நோக்குவதால் குருத்து அங்கிருந்து வரும் என்று தோன்றும். ஆனால் வேரும் வரும், குருத்தும் வரும், இரண்டும் இந்தக் கூர்முனை வழியாகத்தான். நடும்போது கொட்டையைப் படுக்கவைப்பதற்கு இதுவே காரணம். அப்படி வைத்தால் வேர் கீழே திரும்பவும் குருத்து மேலே திரும்பவும் சிரமம் இல்லை.

அந்த வருடம் ஒரு கொட்டையைக் கண்ணாடிப் பாட்டில் வாயில் உட்காரவைத்தேன், அடிப்பகுதியைத் தண்ணீர் தொட்டும் தொடாமலும். மகளுக்குக் காட்டத்தான். விக்டோரியா காலத்து ஆங்கில வீடுகளில் சன்னலோரத்தில் இப்படி வளர்ப்பது வழக்கமாக இருந்தது. மூன்றாம் வாரம் கூர்முனை வெடித்து வெள்ளையாக ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. பிறகு தினமும் காலையில் அளந்தாள். விரல் நீளம், சாண் நீளம், பாட்டிலின் அடி. மேலே மட்டும் ஒன்றுமே இல்லை. செடி செத்துவிட்டதோ என்று அவளுக்குக் கவலை.

சாகவில்லை. ஓக்கின் வழக்கமே அது. இங்கிலீஷ் ஓக்கும் அதைச் சேர்ந்த வெள்ளை ஓக் வகைகளும் விழுந்த இலையுதிர் காலத்திலேயே வேர் விடும். குருத்தோ குளிர் போன பிறகு ஏப்ரல், மே மாதங்களில்தான் வரும். அமெரிக்காவின் சிவப்பு ஓக் வகைகள் வேறு மாதிரி. அவற்றின் கொட்டை மரத்தில் முற்றவே இரண்டு வருடம் எடுக்கும், விழுந்த பிறகும் ஒரு குளிர்காலம் ஈரக் குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். வெள்ளை ஓக்கின் அவசரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மாவுச்சத்து நிறைந்த இவ்வளவு பெரிய பொட்டலம் தரையில் கிடந்தால் எலி, மான், பன்றி, அணில், புறா என்று எல்லோருக்கும் விருந்து. கொட்டையிலிருக்கும் சத்தை எவ்வளவு சீக்கிரம் வேருக்குள் இறக்கி மண்ணுக்கடியில் ஒளிக்கிறதோ, அவ்வளவுக்கு மரம் தப்பியது. ஓக்கின் வித்திலைகள் புளியங்கொட்டையினுடையவைபோல மண்ணுக்கு மேலே வந்து பச்சையாக விரிவதே இல்லை. ஓட்டுக்குள்ளேயே கிடந்தபடி ஊட்டுகின்றன.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட எதிரி உண்டு. வட அமெரிக்கச் சாம்பல் அணில் (1876 முதல் இங்கிலாந்திலும் அதைக் கொண்டுவந்து விட்டார்கள்) வெள்ளை ஓக் கொட்டையைப் புதைக்கும் முன்பு பல சமயம் அதன் கூர்முனையைக் கடித்துத் துப்பிவிடுகிறது. கரு போய்விட்டால் வேர் விடாது, சத்து இறங்காது, மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். தாமதமாக முளைக்கும் சிவப்பு ஓக் கொட்டையை அப்படியே முழுசாகப் புதைக்கிறது. இன்னொரு எதிரி கூன்வண்டு. உடம்பு நீளத்துக்கு மூக்கு வைத்திருக்கும் பெண்வண்டு, கொட்டை மரத்தில் இளசாக இருக்கும்போதே துளையிட்டு முட்டை வைக்கிறது. கொட்டை விழுந்ததும் உள்ளே தின்று கொழுத்த புழு, துளைபோட்டாற்போல் வட்டமான ஓட்டை வழியே வெளியேறி மண்ணுக்குள் போய்விடும். பொறுக்கிய கொட்டைகளைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால், அடியில் வெள்ளையாக நாலைந்து புழு நெளியும். சீசனில் முதல் முதலாகக் கொட்டுபவற்றில் இந்த மாதிரிச் சொத்தை அதிகம். ஒரு வாரம் பொறுத்து, இரண்டாம் மூன்றாம் காற்றில் விழுவதைப் பொறுக்குவது நல்லது.

ஓக்குக்கு நண்பனும் ஒருவன் உண்டு, அதுவும் கள்வன்தான். ஜே என்கிற பறவை. காக்கைக் குடும்பம், ஆனால் இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு உடம்பும் இறக்கையில் ஒரு துண்டு நீலமும். நம்மூரில் கூரை இடுக்கில் வேம்பு முளைத்தால் காக்கை போட்டது என்கிறோம். காக்கை பழத்தைத் தின்று கொட்டையைக் கழித்துவிட்டுப் போகிறது. ஜே திட்டமிட்டு நடுகிறது. தொண்டைப் பையில் பல கொட்டைகளை அடைத்து, அலகில் ஒன்றைக் கவ்விக்கொண்டு, தூரத்துத் திறந்தவெளிக்குப் பறந்து போய் ஒவ்வொன்றாக மண்ணில் குத்திப் புதைத்து இலையால் மூடுகிறது. ஓர் இலையுதிர் காலத்தில் ஒரு பறவை சில ஆயிரம் புதைக்கும். நெதர்லாந்து ஆய்வாளர் பொஸ்ஸெமா இதை வருடக்கணக்கில் கவனித்து 1979-ல் எழுதினார்: சொத்தையை ஒதுக்கிவிட்டு முற்றிய நல்ல கொட்டையையே ஜே எடுக்கிறது. அது தேர்ந்தெடுக்கும் இடமும் ஓக்குக்குப் பொருத்தம், ஏனென்றால் தாய்மரத்து நிழலில் ஓக் கன்று தேறாது, வெளிச்சம் வேண்டும்.

இந்தக் கள்வனைப்போன்ற பறவைகள் இல்லாவிட்டால் ஓக் இன்றைக்குள் பிரிட்டனின் வடக்கு வரை போயிருக்காது. 1899-ல் கிளமென்ட் ரீட் என்ற நிலவியலாளர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். பனியுகத்தில் ஓக் ஐரோப்பாவின் தெற்கு மூலைக்கு ஒதுங்கியிருந்தது. பனி உருகிய பிறகு, கொட்டை மரத்தடியில் விழுந்து, கன்று மரமாகி, அது மறுபடி கொட்டை போட்டு, இப்படி அடி அடியாக நகர்ந்து பிரிட்டனின் வடக்கு வரை போயிருந்தால் பத்து லட்சம் வருடம் ஆகியிருக்கும். பனி போய்ப் பன்னிரண்டாயிரம் வருடம்கூட ஆகவில்லை, மரங்கள் அங்கே நிற்கின்றன. பறவைகள் தூக்கிப் போகாமல் இது நடக்காது என்றார் ரீட்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டாம் வருடம் பன்னிரண்டில் ஒன்பது முளைத்தன. செய்தது எல்லாமே ஜே பறவை செய்வதுதான்.

பொறுக்கி வந்த அன்றே வாளித் தண்ணீரில் கொட்டினேன். மூழ்கியது நல்லது. மிதந்ததில் புழு தின்ற வெற்றிடமோ காய்ந்து சுருங்கிய இடைவெளியோ இருக்கும். லேசாகக் காய்ந்த நல்ல கொட்டையும் முதலில் மிதக்கும் என்பதால், ஓர் இரவு ஊறவிட்டுக் காலையில்தான் மிதந்ததைத் தள்ளினேன். பாதியை உடனே நட்டேன். மீதியை ஈரமான தென்னை நார்த்தூளில் புரட்டி பாலித்தீன் பையில் போட்டு, ஃப்ரிட்ஜில் காய்கறி வைக்கும் தட்டில் வைத்தேன். பை வாயை இறுக்கிக் கட்டக் கூடாது, உள்ளே மூச்சு விடுகிறவை இருக்கின்றன. உறையும் அறை ஆகவே ஆகாது. வாரம் ஒருமுறை பிரித்துப் பார்த்து, பூஞ்சை பிடித்ததை எடுத்துப் போட்டேன். அந்தக் குளிரிலும் டிசம்பரில் இரண்டு வேர் விட்டிருந்தன. முளைத்ததை அப்போதே மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும், வேர்நுனி உடையாமல்.

தொட்டி விஷயத்தில் பலரும் தவறுகிறார்கள். கன்று சிறியது என்று சின்னத் தொட்டி வாங்குகிறார்கள். குருத்து வெளியே தலைகாட்டும் முன்பே ஆணிவேர் ஒரு சாணுக்கு மேல் இறங்கியிருக்கும். அடியில் முட்டினால் வேர் வட்டமாகச் சுற்றும், சுற்றிய வேர் பின்னால் மரத்தின் கழுத்தை நெரிக்கும். அகலம் தேவையில்லை, ஆழம் தேவை. நான் உயரமான பால் அட்டைப்பெட்டிகளின் அடியை வெட்டியெடுத்துவிட்டு, கம்பிவலைத் தட்டின்மேல் நிறுத்தினேன். வேர்நுனி அடிக்கு வந்து காற்றைத் தொட்டதும் காய்ந்து நின்றுவிடும், பக்கவேர்கள் பெருகும். மண்ணோடு தாய்மரத்தடி மண் ஒரு கைப்பிடி. ஓக்கின் வேர்நுனிகளை உறைபோல் போர்த்திக்கொள்ளும் பூஞ்சைகள் அதில் இருக்கும். மண்ணிலிருந்து தண்ணீரையும் பாஸ்பரஸையும் அவை உறிஞ்சித் தருகின்றன, மரம் சர்க்கரை தருகிறது. கொட்டையைப் படுக்கவைத்து இரண்டு விரல் ஆழத்தில் மூடி, குளிரில் வெளியிலேயே விட்டேன். மேலே கம்பிவலை, எலிக்காக.

ஏப்ரல் கடைசியில் முதல் குருத்து வந்தது. பென்சில் முனை அளவு, செம்பு நிறம். பத்து நாளில் நாலைந்து இலைகள் கொத்தாக விரிந்தன, ஓரம் அலை அலையாக. மாவிலைத் தளிர்போல் முதலில் சிவந்து பிறகு பச்சையாயின. ஒரு சாண் வளர்ந்து நின்றுவிட்டது. ஜூலை முடிவில் திடீரென்று நுனிமொட்டு உடைந்து இரண்டாம் தளிர். வசந்தத்தில் இலைகளைப் புழு தின்றாலும் ஈடுகட்ட ஓக்குக்கு இந்த இரண்டாம் தவணை உண்டு. ஆகஸ்டில் அந்த இளந்தளிரில் வெண்டைச் செடியில் வருமே, அதுபோலச் சாம்பல் நோய் வந்தது. 1907-ல் ஐரோப்பாவில் முதலில் தென்பட்டு சில வருடங்களில் கண்டம் முழுக்கப் பரவிய பூஞ்சை. பெரிய மரம் பொருட்படுத்தாது, கன்று தளரும். நெருக்கமாக வைத்திருந்த பெட்டிகளை விலக்கிக் காற்றோட்டம் கொடுத்து, இலையில் தண்ணீர் படாமல் மண்ணில் மட்டும் ஊற்றினேன். அது போதுமாக இருந்தது.

இரண்டு குளிர்காலம் தாண்டுவதற்குள், இலை உதிர்ந்திருக்கும் சமயத்தில் நிலத்துக்கு மாற்ற வேண்டும். எங்கள் வீட்டுப் புழக்கடையில் இடமில்லை. களிமண் நிலத்தில் ஓக் வேர் கோடையில் தண்ணீரை உறிஞ்ச, மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்கும். வீட்டிலிருந்து 20 மீட்டராவது தள்ளி நட வேண்டிய மரம். ஆறு கன்றுகள் ஊர்ப் பொதுநிலத்துக்குப் போயின. முதல் கொட்டை போட நாற்பது வருடம் ஆகும் என்றேன் மகளிடம். தன் வயதோடு கூட்டிப் பார்த்து, ஐம்பத்தோரு வயதில் வந்து பொறுக்குவேன் என்றாள்.

மீதி மூன்றில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். குருத்து இரண்டு விரல் உயரம் வந்த மே மாதத்தில், ஒரு காலை வலை விலகியிருந்தது. பெட்டியில் மண் பறிக்கப்பட்டு, ஓட்டுத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. எலி கொட்டையை முழுசாகத் தின்றுவிட்டது. தண்டு மட்டும் சாய்ந்து நின்றது, வித்திலைகள் ஒட்டியிருந்த இடத்தில் இரண்டு சின்னக் கடிகாயங்களோடு. பிடுங்கிப் போடக் கை போனது. இழுத்துப் பார்த்தால் வரவில்லை. கீழே வேர் அவ்வளவு ஆழத்தில் பிடித்திருந்தது. மண்ணை அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வருடம் மற்றவை ஆறேழு இலை விட்டன. இது மூன்று இலை விட்டது. அக்டோபரில் மூன்றும் பழுத்து, நவம்பர் காற்றில் விழுந்தன. நுனியில் பழுப்பாக ஒரு மொட்டு, மிளகு அளவில், இறுக மூடியிருந்தது.